கடல் ரகசியம் கேட்ட கணித மேதை

கோயமுத்தூருக்குப் பக்கத்தில் போத்தனூர் என்ற ரயில் சந்திப்பு இருக்கிறது. அங்கே 1881-ம் ஆண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தகப்பனார் எட்வர்டு ஸ்டோனி அயர்லாந்துக்காரர். சென்னை ரயில்வேயில் பெரிய இன்ஜினீயர். குழந்தைக்கு எதெல் சாரா என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெண் வளர்ந்து, கல்யாணமாகி, இரண்டு ஆண் பிள்ளைகளுக்குத் தாயானார். மூத்தவர் ஜான், குன்னூரில் பிறந்தார். இளையவர்தான் ஆலன் டூரிங். இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மன் கடற்படையின் ரகசியப் பூட்டைத் திறந்தவர். இன்று உலகம் முழுவதும் ஓடும் கம்ப்யூட்டருக்கு ஆதாரக் கணக்கைப் போட்டுத் தந்தவர்.

யுத்தத்தில் மகன் செய்த வேலை என்ன என்பது பெற்ற தாய்க்கே வெகுகாலம் தெரியாது. அதை வெளியே சொல்லக்கூடாது என்று சட்டம் அவர் வாயைக் கட்டியிருந்தது.

பெற்றோர் இந்தியாவில், பிள்ளைகள் சீமையில்

டூரிங்கின் தகப்பனார் ஜூலியஸ் டூரிங், ஐ.சி.எஸ். அதிகாரி. அந்நாளில் சென்னை ராஜதானி ஒரிசாப் பக்கம் வரை பரவிக் கிடந்தது. பெல்லாரி, கர்னூல், சத்ரபூர் என்று ஊர் ஊராக அவருக்கு உத்தியோகம்.

ஆலன் 1912-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி லண்டனில் பிறந்தார். நம் நாட்டு வெயில் குழந்தைகளின் உடம்புக்கு ஆகாது என்று வெள்ளைக்கார அதிகாரிகள் நினைத்த காலம் அது. அதனால் பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்தில், ஓய்வு பெற்ற ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் கப்பல் ஏறினார்கள். லீவு கிடைக்கும்போது வந்து பார்ப்பார்கள். மறுபடியும் பிரிவு. இப்படியே ஆலனின் பால பருவம் கழிந்தது.

பையன் கெட்டிக்காரன். ஆனால் கையெழுத்து மோசம். சட்டையில் எப்போதும் மைக்கறை. கணக்கும் விஞ்ஞானமும் என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவான்.

1926-ம் ஆண்டு ஷெர்போர்ன் என்ற ஊரிலுள்ள பள்ளியில் அவனைச் சேர்த்தார்கள். பள்ளி திறக்கிற சமயத்தில் நாடெங்கும் வேலைநிறுத்தம். ரயில் இல்லை. பதின்மூன்று வயதுப் பையன் என்ன செய்தான் தெரியுமா? துறைமுகத்திலிருந்து சைக்கிளை மிதித்தான். அறுபது மைல் தூரம். வழியில் ஒரு விடுதியில் ராத்தங்கி, மறுநாள் பள்ளிக்கூடத்தில் போய் நின்றான்.

பள்ளியில் கிறிஸ்டபர் மார்காம் என்ற நண்பன் கிடைத்தான். இருவரும் சேர்ந்து நட்சத்திரம் பார்த்தார்கள். ரசாயனச் சோதனை செய்தார்கள். 1930-ம் ஆண்டு அந்த நண்பன் காசநோயால் இறந்தான். ஆலனுக்கு அது ஆறாத துயரம். நண்பன் செய்ய நினைத்ததையும் தானே செய்து முடிக்க வேண்டும் என்று படிப்பில் முழு மூச்சாக இறங்கினான்.

காகிதத்தில் ஓடிய யந்திரம்

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் டூரிங் கணிதம் படித்தார். இருபத்திரண்டு வயதில் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வாளர் பதவி கிடைத்தது.

1936-ம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். ஒரு யந்திரத்துக்கு நீண்ட காகித நாடா. அதில் கட்டம் கட்டமாக எழுத்து. யந்திரம் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கும், அழிக்கும், எழுதும். இவ்வளவு சின்ன வேலையைக் கொண்டே, மனிதன் விதிப்படி போடக்கூடிய எந்தக் கணக்கையும் போட்டுவிடலாம் என்று காட்டினார். அந்த யந்திரம் காகிதத்தில் மட்டுமே இருந்தது. பின்னால் வந்த கம்ப்யூட்டர்களின் அடிப்படை அதுதான்.

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சென்று டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேயே வேலை தருவதாகச் சொன்னார்கள். டூரிங் 1938-ல் ஊர் திரும்பிவிட்டார். யுத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மாயப் பெட்டி எனிக்மா

ஜெர்மனியில் எனிக்மா என்று ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். வியாபாரிகள் தங்கள் ரகசியக் கடிதங்களை மறைத்து எழுதுவதற்காக 1923 முதல் அதை விற்றார்கள். 1926-ம் ஆண்டு ஜெர்மன் கடற்படை அதை வாங்கித் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது. பின்பு ராணுவமும் வாங்கியது.

பெட்டியில் 26 விசைகள். மேலே 26 சிறு விளக்குகள். ஓர் எழுத்தை அழுத்தினால் வேறோர் எழுத்தின் விளக்கு எரியும். அதே எழுத்தை மறுபடி அழுத்தினால் இன்னொரு விளக்கு எரியும். உள்ளே சக்கரங்கள் சுழன்று மின்சாரம் போகும் பாதையை ஒவ்வொரு தடவையும் மாற்றிவிடும்.

கடற்படையிடம் எட்டுச் சக்கரங்கள் இருந்தன. அவற்றில் மூன்றை எடுத்து வரிசையாகப் பொருத்த 336 வழிகள் உண்டு. ஒவ்வொரு வரிசையிலும் சக்கரங்களைத் தொடங்கி வைக்க 17,576 நிலைகள். இதற்கு மேல், முன்பக்கத்தில் கம்பிகளை மாற்றிச் செருகும் பலகை வேறு. இந்த ஏற்பாட்டை ஜெர்மானியர் தினந்தோறும் மாற்றினார்கள். இந்தப் பூட்டை எவனாலும் திறக்க முடியாது என்று நம்பினார்கள்.

முதலில் திறந்தவர்கள் போலந்து தேசத்து மூன்று இளம் கணிதப் புலவர்கள். மரியன் ரெயெவ்ஸ்கி, யெர்ஸி ருசீட்ஸ்கி, ஹென்ரிக் ஸிகால்ஸ்கி என்பன அவர்கள் பெயர்கள். 1932-ம் ஆண்டிலேயே ராணுவ எனிக்மாவின் உள் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். சாவி தேடுவதற்குச் சொந்தமாக யந்திரங்களும் செய்தார்கள். 1938 டிசம்பரில் ஜெர்மானியர் இரண்டு சக்கரங்களைக் கூட்டினார்கள். ஆறு யந்திரம் போதுமென்றிருந்த இடத்தில் அறுபது தேவைப்பட்டது. போலந்துக்கு மூளை இருந்தது. அத்தனை யந்திரம் செய்யப் பணம் இல்லை. 1939 ஜூலையில், தங்கள் நாடு விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன், தெரிந்ததை எல்லாம் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் கொடுத்துவிட்டார்கள்.

கடலில் ஓநாய்க் கூட்டம்

யுத்தம் அறிவித்த மறுநாள், 1939 செப்டம்பர் 4-ந் தேதி, டூரிங் பிளெட்ச்லி பார்க் என்ற மாளிகைக்கு வேலைக்குப் போனார். லண்டனுக்கு வடக்கே ரயில் பாதை ஓரத்தில் இருந்த இடம். பிரிட்டிஷ் சர்க்காரின் ரகசியம் உடைக்கும் நிலையம் அங்கே இயங்கியது.

கடற்படை எனிக்மா மற்றவற்றைவிடக் கடினம். அதை உடைக்க முடியும் என்று நம்பியவர்கள் மிகச் சிலர். வேறு யாரும் கை வைக்காததால் டூரிங் அதையே தமக்கென்று எடுத்துக்கொண்டார். எட்டாம் எண் குடிசை என்ற மரக்கொட்டகை அவர் பொறுப்பில் வந்தது.

இங்கிலாந்து ஒரு தீவு. அதற்கு வேண்டிய கோதுமை, இறைச்சி, எண்ணெய், ஆயுதம் எல்லாம் கப்பலில் வரவேண்டும். ஜெர்மன் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக் கடலில் ஓநாய்க் கூட்டம் போல் வளைத்துக்கொண்டு அந்தக் கப்பல்களை மூழ்கடித்தன. கப்பல் போனால் மாலுமி போனான். மாலுமியோடு ஊராரின் சோறும் போயிற்று.

நீர்மூழ்கிகளுக்கு உத்தரவு கம்பியில்லாத் தந்தியில் போகும். காற்றில் போகும் செய்தியை யாரும் கேட்கலாம். இங்கிலாந்தின் கரையோரம் ஸ்கார்பரோ போன்ற இடங்களில் கேட்கும் நிலையங்கள் இருந்தன. அங்கே பலரும் காதில் கருவி மாட்டி, இரவு பகலாகக் கட்டுக் கடகட ஓசையை எழுத்தாக எழுதினார்கள். உள்நாட்டு ரேடியோ போதாமல், அமெரிக்காவிலிருந்து நல்ல ரேடியோக்களை வாங்கி வைத்தார்கள். ஒரு ரேடியோ சரியாகப் பிடிக்காமல் சில எழுத்துகள் தவறினாலும் பின்னால் வேலை செய்பவர்களுக்கு அன்றைய பொழுது வீண்.

யந்திரத்துக்கு எதிராக யந்திரம்

எழுதிய எழுத்துகள் பிளெட்ச்லிக்கு வரும். அவை வெறும் குப்பையாகத் தோன்றும். மனிதர் உட்கார்ந்து எல்லா வழிகளையும் பார்த்தால் யுத்தமே முடிந்துவிடும். யந்திரத்தை யந்திரத்தாலேயே வெல்ல வேண்டும் என்று டூரிங் முடிவு செய்தார்.

எனிக்மாவில் ஒரு குறை உண்டு. எந்த எழுத்தும் தானாகவே மாறாது. வேறோர் எழுத்தாகத்தான் மாறும். மேலும் ஜெர்மானியர் வானிலை அறிக்கை போன்ற செய்திகளை ஒரே மாதிரி வார்த்தைகளில் அனுப்பினார்கள். ஆகவே செய்தியில் இன்ன இடத்தில் இன்ன வார்த்தை இருக்கும் என்று ஊகிக்கலாம். அந்த ஊகத்தோடு பொருந்தாத நிலைகளை எல்லாம் ஒரு யந்திரம் சடசடவென்று தள்ளிவிடும். மிஞ்சுகிற சில நிலைகளை மனிதர் பார்த்தால் போதும். இதுதான் டூரிங்கின் யோசனை.

செய்து தரும் பொறுப்பு லெட்ச்வொர்த் என்ற ஊரிலிருந்த பிரிட்டிஷ் டாபுலேட்டிங் கம்பெனிக்குப் போயிற்று. கணக்குப்பதிவு யந்திரம் செய்து வந்த கம்பெனி. அதன் தலைமை இன்ஜினீயர் ஹரால்டு கீன் டூரிங்கின் கணக்கை இரும்பும் கம்பியுமாக ஆக்கினார். 1940 மார்ச்சில் முதல் யந்திரம் வந்து இறங்கியது. அதற்குப் பாம் என்று பெயர். வெடிகுண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போலந்துக்காரர் தங்கள் யந்திரத்துக்கு வைத்த பெயரை ஒட்டி வந்தது. கார்டன் வெல்ச்மன் என்ற இன்னொரு கணிதர் ஒரு பலகையைச் சேர்த்து அதைப் பல மடங்கு கூர்மையாக்கினார். அந்த மாதிரி யந்திரம் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது.

ஒரு பீரோவைவிடப் பெரியது. ஏழடி அகலம், ஆறரை அடி உயரம், ஒரு டன் எடை. முன்புறம் 108 உருளைகள் வரிசையாகச் சுழலும். பின்புறம் மைல் கணக்கில் கம்பி.

வாங்கினால் போதுமா?

கம்மாபுரம் வட்டாரத்து மக்கள் நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சதச் சக்கர யந்திரங்களை அறிவார்கள். அந்த யந்திரத்தை வாங்கி நிறுத்திவிட்டால் நிலக்கரி வந்துவிடுமா? வாளியின் பல் தேயும். பெல்ட் கிழியும். முறை வைத்து ஆள் நின்று பார்க்க வேண்டும். ஒரு பாகம் நின்றால் எல்லாம் நிற்கும். டூரிங்கின் யந்திரத்துக்கும் அதே கதைதான்.

ஒவ்வோர் உருளையின் பின்னாலும் 104 சிறு கம்பித் தூரிகைகள். இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் மின்சாரம் தவறாகப் பாயும். சரியான விடை கைநழுவிப் போகும். கடற்படையில் சேர்ந்த இளம் பெண்கள் சிறு இடுக்கியை வைத்துக்கொண்டு கம்பி கம்பியாகப் பிரித்து நேராக்கினார்கள். அறையில் புழுக்கம், யந்திரத்தின் எண்ணெய் உடையில் தெறிக்கும், காதடைக்கும் சத்தம். இரவு முழுவதும் நின்றே வேலை. பெரிய பழுதுகளை விமானப்படையைச் சேர்ந்த தொழிலாளர்கள் சரி செய்தார்கள்.

யுத்தம் முடிவதற்குள் யந்திரங்கள் 200-க்கு மேல் ஆயின. அவற்றை ஓட்டிய பெண்கள் சுமார் 1,700 பேர். ஒரே இடத்தில் குண்டு விழுந்து எல்லாம் போய்விடக்கூடாது என்று, பல ஊர்களில் பிரித்து வைத்தார்கள். அந்தப் பெண்களில் பலருக்குத் தாங்கள் எதற்காக உருளை மாட்டுகிறோம் என்பதுகூட முழுதாகத் தெரியாது.

யந்திரம் குறைவாக இருந்த நாளில் டூரிங் சும்மா இருக்கவில்லை. நீண்ட காகிதத் தாள்களில் துளையிட்டு, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். இதனால் யந்திரம் சோதிக்க வேண்டிய சக்கர வரிசைகள் வெகுவாகக் குறைந்தன.

அவர் சைக்கிள் கதையும் இதே போலத்தான். அதன் செயின் அடிக்கடி கழன்றது. எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை கழல்கிறது என்று எண்ணிப் பார்த்தார். அந்தச் சுற்று வருவதற்குச் சற்று முன் காலைப் பின்னுக்கு மிதித்துச் சமாளித்தார். பின்பு, வளைந்த ஒரு கம்பியும் பழுதான ஒரு கண்ணியும் சந்திக்கும்போதுதான் செயின் கழல்கிறது என்று கண்டுபிடித்தார். பூந்தாது ஒத்துக்கொள்ளாது என்று விஷவாயு முகமூடி மாட்டிக்கொண்டு அந்தச் சைக்கிளில் போவார். தேநீர்க் கோப்பையை யாரும் எடுக்காதபடி சங்கிலி போட்டுப் பூட்டி வைப்பார். பணம் செல்லாமல் போய்விடுமோ என்று பயந்து வெள்ளிக் கட்டிகள் வாங்கி மண்ணில் புதைத்தார். ஜெர்மன் ரகசியத்தைக் கண்டுபிடித்தவருக்குத் தாம் புதைத்த வெள்ளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை!

நாலு பேர் எழுதிய கடிதம்

1941-ல் ஜெர்மன் கப்பல்கள் சிலவற்றைப் பிடித்தபோது ரகசியப் புத்தகங்கள் அகப்பட்டன. அவற்றின் உதவியால் ஜூன் மாதத்திலிருந்து டூரிங் குழுவினர் நீர்மூழ்கிச் செய்திகளை உடனுக்குடன் படித்தார்கள். ஓநாய்க் கூட்டம் காத்திருக்கும் இடம் தெரிந்ததும் சரக்குக் கப்பல்களை வேறு வழியில் திருப்பினார்கள். எத்தனையோ மாலுமிகள் வீடு திரும்பினார்கள்.

ஆனால் யந்திரமும் ஆளும் பற்றவில்லை. மேலே எழுதினால், ஆள் கிடையாது, பணம் கிடையாது என்று பதில். எதற்காகக் கேட்கிறார்கள் என்பது ரகசியம். ரகசியம் தெரியாத அதிகாரி எப்படி முன்னுரிமை தருவார்? துணை வேலைக்குச் சுமார் இருபது பெண் குமாஸ்தாக்கள் இல்லாததால் இரவு வேலை நின்றது. கடற்படைச் சாவி கிடைக்கத் தினமும் பன்னிரண்டு மணி நேரமாவது தாமதமாயிற்று. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் கப்பல்கள் மூழ்கின.

டூரிங், வெல்ச்மன், ஹியூ அலெக்ஸாண்டர், ஸ்டூவர்ட் மில்னர்-பாரி ஆகிய நால்வரும் மேலதிகாரிகளைத் தாண்டி, பிரதம மந்திரி சர்ச்சிலுக்கே நேராகக் கடிதம் எழுதினார்கள். தேதி 1941 அக்டோபர் 21. மில்னர்-பாரி அதைக் கையில் எடுத்துக்கொண்டு லண்டன் போனார். பிரதம மந்திரி வீட்டு வாசலில் நின்று ஒப்படைத்தார். இவர்கள் கேட்பதை எல்லாம் உடனே கொடுத்துவிட்டுத் தமக்குத் தகவல் சொல்லும்படி சர்ச்சில் உத்தரவு போட்டார். அதன் பிறகு ஆளும் யந்திரமும் வரத் தொடங்கின.

இருண்ட பத்து மாதம்

1942 பிப்ரவரி முதல் தேதி அட்லாண்டிக் நீர்மூழ்கிகள் எனிக்மாவில் நான்காவது சக்கரத்தைச் சேர்த்தன. பிளெட்ச்லியில் இருள் சூழ்ந்தது. பழைய யந்திரத்தின் வேகம் போதவில்லை. பத்து மாதம் அந்த நீர்மூழ்கிகளின் செய்திகளை அநேகமாகப் படிக்க முடியவில்லை.

அக்டோபர் 30-ந் தேதி எகிப்துக்கு அருகே மத்தியதரைக் கடலில் யு-559 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அடிபட்டு மேலே வந்தது. டோனி பாஸன், காலின் கிரேஸியர் என்ற இரு பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் இருட்டில் அதற்குள் இறங்கினார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. புத்தகங்களை எடுத்து மேலே கொடுத்தார்கள். பதினாறு வயதுச் சிற்றுண்டிச்சாலைப் பையன் டாமி பிரவுன் வாங்கிக்கொண்டான். நீர்மூழ்கி திடீரென்று மூழ்கியது. பையன் தப்பினான். வீரர்கள் இருவரும் கடலோடு போனார்கள். அந்தப் புத்தகங்களால் டிசம்பர் 13-ந் தேதி பூட்டு மறுபடி திறந்தது.

அதே மாதம் டூரிங் அமெரிக்காவில் இருந்தார். கடைகளுக்குக் கல்லாப்பெட்டி யந்திரம் செய்யும் டேட்டன் நகரத்துக் கம்பெனியில் அமெரிக்கக் கடற்படை சொந்த யந்திரம் செய்துகொண்டிருந்தது. 336 சக்கர வரிசைக்கு ஒன்றாக 336 யந்திரம் வாங்குவதாக முதலில் திட்டம். டூரிங்குக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. பூட்டுக்கு எத்தனை சாவி உண்டோ அத்தனை தச்சர் வேண்டியதில்லை. திட்டத்தைச் சுருக்கினார்கள். முடிவில் சுமார் 120 யந்திரங்களே போதுமானதாயின. ஆனால் அவை வேகமானவை. நான்கு சக்கர எனிக்மாவை அவை நன்றாகச் சமாளித்தன.

வெளியே சொல்லாத வெற்றி

எட்டாம் குடிசையில் ஜோன் கிளார்க் என்ற கணிதப் பெண்மணி வேலை செய்தார். 1941-ல் அவருக்கும் டூரிங்குக்கும் நிச்சயமாயிற்று. தம் மனம் ஆண்களை நாடுவது என்று டூரிங் அவரிடம் ஒளிக்காமல் சொன்னார். கல்யாணம் நின்றது, நட்பு நிற்கவில்லை.

யுத்தம் முடிந்தது. 1946-ல் அரசர் பட்டம் தந்தார். எதற்காக என்று ஊருக்குச் சொல்லவில்லை. யந்திரங்களில் பெரும்பாலானவற்றைப் பிரித்துப் போட்டார்கள். டூரிங் லண்டன் அருகே ஒரு கம்ப்யூட்டருக்குத் திட்டம் வரைந்தார். பிறகு மான்செஸ்டரில் வேலை பார்த்தார். யந்திரம் சிந்திக்குமா என்று ஆராய்ந்து 1950-ல் கட்டுரை எழுதினார்.

1952-ல் ஓர் ஆணோடு உறவு வைத்திருந்ததற்காக அவர்மீது வழக்கு வந்தது. அந்நாளில் இங்கிலாந்தில் அது குற்றம். சிறைக்குப் போகாமல் இருக்க, ஓராண்டு ஹார்மோன் மருந்துக்கு உட்பட வேண்டியதாயிற்று. சர்க்காரின் ரகசிய வேலையும் போயிற்று. தன் நாட்டின் உயிர்நாடியான ரகசியத்தைக் காத்த மனிதரை நாடு நம்ப மறுத்தது.

1954 ஜூன் 7-ந் தேதி அவர் இறந்தார். வயது 41. உடம்பில் சயனைடு விஷம். தற்கொலை என்று விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். வீட்டில் ரசாயனச் சோதனை செய்யும்போது நேர்ந்த விபத்து என்றே தாய் கடைசிவரை நம்பினார்.

அந்தத் தாய் மகனின் வாழ்க்கையை எழுதி 1959-ல் புத்தகமாக வெளியிட்டார். பள்ளிக்கூடம், கணக்கு, சைக்கிள் எல்லாம் அதில் உண்டு. எனிக்மாவை உடைத்த கதை இல்லை. அவருக்குத் தெரியாததை எப்படி எழுதுவார்? 1974-ல்தான் பிளெட்ச்லியின் ரகசியம் வெளிவரத் தொடங்கியது. 1976-ல் அவர் காலமானார்.

டூரிங்கைத் தண்டித்த சட்டத்தை இங்கிலாந்து 1967-ல் மாற்றியது. இந்தியாவில் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு 2018-ல் வந்தது. 2009-ம் ஆண்டு பிரிட்டிஷ் பிரதம மந்திரி கார்டன் பிரவுன், டூரிங்கை நடத்திய விதத்துக்காக மன்னிப்புக் கேட்டார். 2013-ல் ராணியார் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

2021-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி, அவர் பிறந்த நாளில், இங்கிலாந்தின் புதிய 50 பவுன் நோட்டு வெளிவந்தது. அதில் டூரிங்கின் முகம் இருக்கிறது. அவருடைய யந்திரத்தின் வரைபடமும் இருக்கிறது. எந்த யந்திரத்துக்காக நால்வர் பிரதம மந்திரியின் வாசல்வரை போய் ஆளும் பணமும் கேட்டார்களோ, அந்த யந்திரம் இன்று அந்த நாட்டுப் பணத்திலேயே அச்சாகி, கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கிறது.